சாலையும் கட்டடமும் இவ்வளவு பெருகியும் நாட்டின் சாகுபடிப் பரப்பு ஏன் குறையவில்லை?

நீங்கள் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. தவறில்லை. 1950-51இல் இந்தியாவில் வேளாண்மை அல்லாத பயன்பாட்டில் இருந்த நிலம் சுமார் 94 லட்சம் ஹெக்டேர். 2010-11இல் அது 260 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிகர சாகுபடிப் பரப்போ 1970 முதல் ஏறக்குறைய 14 கோடி ஹெக்டேரிலேயே நிற்கிறது. ஆறும் வாய்க்காலும்கூட அந்த 260 லட்சத்தில் சேர்த்திதான். ஆகவே கூடியதெல்லாம் கேடு என்று நான் சொல்லவில்லை. மேட்டூர்த் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் இங்கே போன முப்போக நன்செய்க்கு, வேறெங்கோ புதிதாக உழுத மானாவாரிக் காடு அந்தக் கணக்கில் ஈடாகிவிடுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

திருவாரூர் மாவட்டம் குடவாசல் பக்கம் அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். அதில் ஆறு மாவுக்குக் கீழண்டை வயலை ஒருவர் வாங்கி, மூன்றடி உயரத்துக்கு மண்ணடித்து மனை போட்டார். நடுவில் ஓடிய வடிகால் மனைக்குப் பாதையாயிற்று. ஐப்பசி மழையில் எங்கள் சம்பா பத்து நாள் முழுகிக் கிடந்து அழுகியது. மறு வருடமும் அதேதான். வரைபடத்தில் வடிகாலுக்குக் கோடு இருந்தது. தரையில் வடிகால் இல்லை. அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா மனு எழுதி அலைந்தார். மூன்றாம் வருடம் நடவில்லை. கிராம சாகுபடிக் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறியது. அதன் பிறகு தரகர்கள் வீட்டுக்கு வந்து, "தரிசுதானே ஐயா, வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அப்பா விற்றுவிட்டார்.

விற்றவனுக்குப் பேராசை என்று எழுத வருபவர்கள், முழுகிய வயலில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். காவிரிப் படுகைக்காக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது, மனதார வரவேற்கிறேன். அதன் தடைப்பட்டியலில் வீட்டு மனை இல்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய மூன்று மாவில் விளைந்த குறுவையைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு ஆறு நாள் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்க மறுத்தார்கள். காய வைக்கக் களம் எங்கே என்று கேட்டேன். சாலையில் காய வையுங்கள் என்றார்கள். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருந்தது.