மூன்று ஊர், ஒரே வரைபடம்: எதில் வரையலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து சின்னதாக ஓர் ஆர்த்தோடாக்ஸ் (இலையை உருட்டித் தயாரிக்கும் பழைய முறை) தேயிலைத் தொழிற்சாலை தொடங்குகிறோம். உணவுப் பாதுகாப்புக்கான ஹெச்ஏசிசிபி (HACCP: உற்பத்தியில் ஆபத்து வரக்கூடிய இடங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை) ஆவணத்தில் உற்பத்தி ஓட்டத்தின் வரைபடம் வேண்டுமாம். நான் இங்கே, கணக்கு பார்ப்பவர் குன்னூரில், ஆலோசகர் கோவையில். மூவரும் சேர்ந்து வரைய எது நல்லது? மழை பிடித்தால் இங்கே நெட் நிற்காது. கட்டணம் கட்டவும் வழியில்லை.

பதில்: டிரா.ஐஓ (draw.io) என்ற இலவச வரைபடச் செயலி போதும். லூசிட்சார்ட் (Lucidchart) என்ற இன்னொரு செயலி பார்க்க அழகுதான். ஆனால் அதன் இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய ஆவணங்கள் 3, ஒவ்வொன்றிலும் 60 வடிவங்கள் என்று வரம்பு உண்டு. பசுந்தேயிலை வந்து இறங்குவதில் தொடங்கி வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல், பேக்கிங் என்று போட்டு, ஒவ்வொரு படியிலும் சோதனையையும் கழிவையும் சேர்த்தால் 60 சீக்கிரம் தீர்ந்துவிடும். டிரா.ஐஓவில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு காரணம், கோப்பு இருக்கும் இடம். டிரா.ஐஓ உங்கள் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை; கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், உங்கள் கணினி என்று நீங்கள் சொல்லும் இடத்தில் சேமிக்கும். டிரைவில் ஒரே கோப்பாக வைத்து, மற்ற இருவருக்கும் திருத்தும் அனுமதி கொடுங்கள். 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று மட்டும் விடாதீர்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, நெட் விஷயம். படம் திறந்திருக்கும்போது இணைப்பு போனால் அந்த டேபை மூடாதீர்கள். இணைப்பு திரும்பியதும் சேமியுங்கள். மழைக்காலத்துக்கு டிரா.ஐஓவின் டெஸ்க்டாப் செயலியைக் கணினியில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது, அதற்கு நெட்டே வேண்டாம். ஆபத்து அதற்குப் பிறகுதான். நீங்கள் தனியே திருத்திய பழைய பிரதியை டிரைவில் இருக்கும் கோப்பின் மேலேயே போட்டால், கோவைக்காரர் இதற்கிடையில் செய்த வேலை அடிபட்டுப் போகும். அதனால் உங்கள் பகுதியை மட்டும் தனிக் கோப்பில் வரைந்து, நெட் வந்ததும் அங்கிருந்து காப்பி எடுத்துப் பொதுக் கோப்பில் ஒட்டுங்கள். ஒரே கோப்புக்குள் பல பக்கங்கள் வைக்கலாம் என்பதால், ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் மோதலே வராது. எதுவும் தப்பிப்போனால் 'ரிவிஷன் ஹிஸ்டரி'யில் பழைய வடிவத்தை மீட்கலாம்.

முதல் நாள் பேச்சுக்கு மட்டும் எக்ஸ்காலிட்ரா (Excalidraw) என்ற ஆன்லைன் வரைபலகையைப் பயன்படுத்திப் பாருங்கள். அதுவும் இலவசம், கையால் கிறுக்கியது போலவே இருக்கும். கோடு நேராக இல்லையே என்று யாரும் கவலைப்படாமல் விஷயத்தைப் பேசுவார்கள். இறுதிப் படத்தை அதில் செய்ய வேண்டாம்.

போனில் வரைவது கண்ணுக்கும் விரலுக்கும் தண்டனை. போனில் பார்ப்பவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள். அந்தப் பிடிஎஃப்பையே ஒரு பிரதி அச்செடுத்து, வேலை நடக்கும் நேரத்தில் தொழிற்சாலைக்குள் நடந்து ஒவ்வொரு படியாக ஒத்துப்பாருங்கள். ஹெச்ஏசிசிபி முறையில் படம் வரைவது 4-வது படி என்றால், அதை நேரில் சரிபார்ப்பது 5-வது படி. விடுபடுவது பெரும்பாலும் உருட்டிய இலையைச் சலித்து, பெரிய கட்டிகளை மறுபடி உருட்டப் போடுவது போன்ற பின்னோக்கிய அம்புகள்தான். அவற்றைப் பேனாவால் குறித்து வந்து படத்தில் ஏற்றிவிடுங்கள்.