முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் எங்கே போய்க் கற்கலாம்: மாநாடா, பயிலரங்கா?

பயிற்சி முடித்து மூன்று ஆண்டுகளான முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் நீங்கள். ஆண்டுக்கு ஒரு பயணத்துக்குத்தான் விடுப்பு கிடைக்கிறது, அதைப் பெரிய மாநாட்டுக்குச் செலவிடுவதா, சடலத்தில் செய்து பழகும் பயிலரங்குக்குச் செலவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பயிலரங்குக்குப் போங்கள் என்பேன். காரணம் என் கைக்கே நேர்ந்தது.

என் முதல் பயிலரங்கில், மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்பகுதியை முன்பகுதியோடு இணைக்கும் குறுகிய எலும்புத் தண்டு வழியாகச் செலுத்தும் திருகு) பொருத்தப் பழகினோம். துளையிட்டபின் உருண்டை முனையுள்ள மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நான்கு சுவர்களையும் அடியையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாகவே பட்டது. எட்டு ஸ்க்ரூக்களையும் போட்டு முடித்ததும், எலும்பின் பின்வளைவை அகற்றிவிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். ஐந்தாவது ஸ்க்ரூவின் மரை உட்சுவரை உடைத்துக்கொண்டு, தண்டுவடம் செல்லும் குழாய்க்குள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே படத்தில் அதே ஸ்க்ரூ ஒழுங்காகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து கம்பியை உள்ளே விடும்போது உட்சுவரை மட்டும் இரண்டாம் முறை தடவிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. 1958-இல் சுவிட்சர்லாந்தில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஏ.ஓ. குழு, 1960-இல் டாவோஸில் தொடங்கிய வகுப்புகளிலேயே கருவியைக் கையில் கொடுத்துத்தான் கற்பித்தது. எலும்பு அறுவையில் அந்த முறை இன்றுவரை நிலைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் சடலம் ஒரு வகையில் நம்மை ஏமாற்றும். அதில் இரத்தம் கசியாது. தண்டுவட நீரின் அழுத்தம் இல்லாததால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா உறை தளர்ந்து கிடக்கும், கருவிக்கு எளிதாக ஒதுங்கிக்கொடுக்கும். சிறு துளை வழியே கேமராவை விட்டுத் திரையில் பார்த்துச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவைக்கான பயிலரங்கில் இரண்டு நாள் பழகிவிட்டுத் திரும்பியவர், உயிருள்ள நோயாளியின் உறையைச் சுற்றியுள்ள சிரைகள் கசியத் தொடங்கித் திரை முழுதும் சிவந்துபோகும்போதுதான், தான் கற்றது பாதி என்பதை உணர்கிறார். ஆகவே பயிலரங்கு முடிந்த கையோடு, அந்த முறையில் தேர்ந்த ஒருவரின் அறுவை அரங்கில் சில நாட்கள் நின்று பாருங்கள். உங்கள் முதல் சில நோயாளிகளுக்கு அவரை அருகில் நிற்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

அப்படியானால் மாநாடு வீணா என்றால், இல்லை. நாம் நம்பிச் செய்துவந்த ஒன்றை மறுபரிசீலனை செய்ய அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி, ஒப்பிடுவதற்காகச் செய்வதுபோல் மட்டும் காட்டும் போலிச் சிகிச்சையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என்று 2009-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. எலும்பை வளர்க்கும் பி.எம்.பி.-2 புரதத்தைப் பற்றி, தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவுடன் 780 நோயாளிகளிடம் நடந்த 13 ஆய்வுகள் அதனால் ஒரு பாதகமும் இல்லை என்றன. 2011-இல் அவற்றை மீளாய்வு செய்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை. இத்தகைய முடிவுகளைத் தனியாக அறையில் உட்கார்ந்து படிப்பதைவிட, அந்தச் சிகிச்சையைப் பல ஆண்டுகள் செய்தவர்கள் ஒலிபெருக்கி முன் எழுந்து ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதைக் கேட்பதே அதிகம் கற்றுத்தரும்.

எனவே மாநாட்டுக்குப் போகும் ஆண்டில், புதிய கருவிகளின் அரங்குகளில் பொழுதைக் கழிக்காமல், அறுவையில் நேரும் சிக்கல்களைப் பற்றிய அமர்வுக்கு முதலில் போய் உட்காருங்கள். பெரும்பாலும் அது சின்ன அறையில், கடைசி நாளில் நடக்கும். பேச்சாளர் தமக்கும் நிறுவனங்களுக்கும் உள்ள பணத்தொடர்பைக் காட்டும் முதல் படத்தைத் தவறாமல் படியுங்கள். அதை இரண்டு விநாடியில் தள்ளிவிடுபவர் சொல்வதைச் சற்று எச்சரிக்கையுடன் கேளுங்கள். தொடர்கல்விப் புள்ளிகள் எங்கே போனாலும் கிடைத்துவிடும், அவற்றுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் ஒரு நோயாளியின் எம்.ஆர்.ஐ. படங்களை, அவருடைய அனுமதியுடன், பெயரை நீக்கி எடுத்துச் செல்லுங்கள். நான் ஒருமுறை அப்படிக் கொண்டுபோன, நோயாளி படுத்திருக்க எடுத்த படங்களை, இடைவேளையில் நடைபாதையில் நின்றபடியே பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர், எத்தனை ஸ்க்ரூ போடலாம் என்ற என் கேள்விக்கு, "இவர் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே எங்கே?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் அது இல்லை.