ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் குழந்தை, வயதானவர்களோடு எளிதாக நடந்து போய்வர எந்த இடம் நல்லது?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் பார்த்தாகிவிட்டது, கூட வருவது 5 வயதுக் குழந்தையும் முழங்கால் வலியுள்ள அம்மாவும், கூட்டமில்லாமல் ஒரு மணி நேரம் நடக்க இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வைகை கடலில் சேரும் இடத்திலுள்ள ஆற்றங்கரை, அழகன்குளம் என்ற ஊர்கள் பக்கம் போங்கள். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர்தான். கடலுக்குப் போக வேண்டாம். ஆற்றை ஒட்டியுள்ள ஊர் ஒன்றிலிருந்து அதன் ஊருணி என்னும் குளம்வரை நடந்து திரும்புங்கள், அது போதும்.

என் அத்தை வாக்கப்பட்ட ஊர் அந்தப் பக்கம். தை மாதம் போனால் சாயங்காலம் இந்த நடைதான் எங்களுக்கு. வீட்டிலிருந்து ஊருணிக்கு ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. மேடு பள்ளம் இல்லாத மண்பாதை, இரண்டு பக்கமும் பனை. என் அம்மா வழியில் இரண்டு இடத்தில் உட்காருவார். மகள் அதற்குள் பனங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பாள். யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டோம். பெரியவர்களின் வேகமும் குழந்தையின் வேகமும் ஒத்துப்போகிற பாதை அது.

ஊருணி என்றால் குடிதண்ணீர்க் குளம். குளிக்க, துணி துவைக்க, மாட்டை இறக்க வேறு இடம் பார்க்க வேண்டும். செருப்போடு உள்ளே இறங்கக் கூடாது. முதல் தடவை என் மகள் செருப்போடு ஓடியபோது குடத்தோடு வந்த ஒரு பாட்டி, "செருப்பக் கரையிலேயே கழட்டிப் போட்டுட்டு வா அப்பு, இது நாம குடிக்கிற தண்ணி" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அந்த "நாம" எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளையும் அந்த ஊர்க்காரியாகச் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது யார் வந்தாலும் அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள்.

இந்த இடத்தை நான் சொல்வதற்குக் காரணமே தண்ணீர்தான். ஒரு பக்கம் ஆறு. கடல் பக்கத்தில் இருப்பதால் முகத்துவாரத்தில் ஏறி நிற்கும் தண்ணீர் உப்பு. கூப்பிடு தூரத்தில் ஊருணி, அதில் நல்ல தண்ணீர். எப்படி என்று மகள் கேட்டாள். மணற்பாங்கான நிலத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தாலோ அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் ஊர்க்காரர்கள் மணலில் கையகலக் குழி பறித்து, ஊறும்வரை காத்திருந்து சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். இந்த மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று பேசுபவர்கள் ஒரு தடவை அந்தப் பொறுமையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஆற்றுப் பக்கம் தரையில் தடித்த சிறு இலைகளோடு உமரிச்செடி படர்ந்திருக்கும், சில இடங்களில் சிவந்துபோய் இருக்கும். உமரி எங்கே தொடங்குகிறதோ அங்கே மண்ணில் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். என் மகள் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துக் குச்சியால் கீறி வைப்பாள். அப்புறம் ஊருணிக் கரையில் உட்கார்ந்து தண்ணீரில் மூழ்கும் முக்குளிப்பான் பறவை எந்த இடத்தில் வெளியே வரும் என்று அவளும் அப்பத்தாவும் பந்தயம் கட்டுவார்கள். அப்பத்தாதான் பெரும்பாலும் ஜெயிப்பார்.

வைகை கடலுக்கே போகாத ஆறு என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு, தண்ணீரின் பெரும்பகுதியை வழியிலுள்ள கண்மாய்களுக்கும் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் கொடுத்துவிடும். வெள்ள வருடத்தில் மிஞ்சியதுதான் இங்கே வந்து சேரும். ஆனால் இதே முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் கப்பல்கள் வந்திருக்கின்றன. அழகன்குளத்தில் 1986-87 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல கட்டமாக அகழாய்வு செய்ததில் ரோமானியக் காசுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன, கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தது. பாதையில் பானை ஓடு கண்ணில் பட்டால் குழந்தையிடம் காட்டுங்கள், எடுத்து வர விடாதீர்கள்.

போகும் காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி முதல் மாசிவரை நல்லது. ஊருணி நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கும். நாங்கள் ஒரு தடவை சித்திரையில், அதுவும் காலை பத்து மணிக்குக் கிளம்பிவிட்டோம். பாதி வழியில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து ஒற்றை வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் படுக்க வைத்திருந்தேன். அன்று எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. சாயங்காலம் நாலரைக்குக் கிளம்புங்கள், ஆறேகாலுக்குள் வீடு திரும்புங்கள். குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சீமைக்கருவேல முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், குழந்தைக்கு அடி தடித்த ஷூ போட்டுவிடுங்கள். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்க விடாதீர்கள். ஊருணியில் சில வருடம் நல்ல ஆழம் இருக்கும், படியில் குழந்தையின் கையை விடக் கூடாது. முகத்துவாரம்வரை போக ஆசை வந்தால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஈர மணலில் கால் புதையும், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

தை மாதம் என்றால் பனங்கிழங்கு கிடைக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஊருணிக் கரையில் உட்கார்ந்து நார் உரித்துத் தின்ன அவ்வளவு நன்றாக இருக்கும். உரித்த நாரை மட்டும் அங்கே போடாமல் அதே துணியில் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.