எதை விவாதப் பொருளாக்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை, வகுப்புக்குப் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாட்களில் வாசித்தேன். நான் அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். குடிமை உரிமை இயக்கத்தை மாணவர்கள் தாமே ஆய்ந்து, ஒரு தரப்பை எடுத்து வாதிட வேண்டும் என்பது எங்கள் பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. இவ்வாண்டு, “1963இல் பர்மிங்ஹாமில் போராடியவர்கள் சட்டத்தை மீறியது சரியா?” என்ற தலைப்பைக் கொடுத்து வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். எதிர்த்தரப்பில் அமர்த்தப்பட்ட கறுப்பின மாணவி ஒருத்தி, தன் முறை வந்தபோது எழுந்து நின்று, எதுவும் பேசாமல் அமர்ந்துவிட்டாள். அதற்குள் அவள் தரப்பினர், இனப் பிரிவினையே நகரின் அமைதிக்கு ஏற்றது என்ற வாதத்துக்கு நகர்ந்திருந்தார்கள். நான் செய்தது தவறா? இரு தரப்பும் இல்லாமல் விவாதம் ஏது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்.

இன்னொரு கவலையும் உண்டு. ஆய்வு என்று மாணவர்கள் கொண்டுவருவது இணையத்தில் முதலில் கண்ணில்படும் செய்திகளைத்தான். எல்லாக் கட்டுரைகளிலும் ரோசா பார்க்ஸ் களைத்துப்போய்ப் பேருந்து இருக்கையில் அமர்ந்து, வெள்ளையருக்கு அதை விட்டுத்தர மறுக்கிறார், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றுகிறார், சட்டம் வந்துவிடுகிறது. இதை எப்படி மாற்றுவது? எதற்கு மதிப்பெண் தருவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

விவாதத்துக்கு இரு தரப்பு வேண்டும் என்று உங்கள் சக ஆசிரியர் சொல்வதை நான் ஏற்கிறேன். எந்தக் கேள்விக்கு இரு தரப்பு என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு மனிதர் பிறருக்குச் சமமானவரா என்ற கேள்வியை வகுப்பறையில் திறந்து வைத்தால், அங்கிருக்கும் மாணவர்களில் சிலருக்கு அது ஒரு பேச்சுப் பயிற்சியாக இருக்கும்; மற்றவர்களோ தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்ல நேரும். அந்த மாணவி அமர்ந்துவிட்டதை நான் தோல்வியாகக் கருதவில்லை. அந்த மேடையில் தனக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்பதை மற்ற எவரையும்விட அவள் துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் தனியே பேசி, தலைப்பை மாற்றப்போவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் தலைப்பை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். ஆவணங்களுக்கு ஓரடி முன்னதாக நின்றுவிட்டது, அவ்வளவே. “சட்டத்தை மீறியது” என்று சொல்லும்போது மீறப்பட்டது எது என்று மாணவர்களைத் தேடச் சொல்லியிருந்தால், விவாதம் இனப் பிரிவினையின் நன்மை தீமைக்குப் போயிருக்க வழியே இல்லை. ஊர்வலம் போவதற்கு நகர நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும் என்று பர்மிங்ஹாமில் ஒரு நகராட்சி விதி இருந்தது. அனுமதி கேட்டுப் போனவர்களுக்கு, காவல்துறைக்குப் பொறுப்பான நகர ஆணையர் புல் கானர், ஊர்வலத்துக்குப் பதில் சிறைக்குத்தான் வழி கிடைக்கும் என்ற பொருளில் மறுமொழி சொன்னார். 1963 ஏப்ரல் 10 அன்று மாநில நீதிமன்ற நீதிபதி ஒருவர், அனுமதியின்றி ஊர்வலம் நடத்தக்கூடாது என்று தடையாணை பிறப்பித்தார். இரண்டு நாள் கழித்து, புனித வெள்ளியன்று, கிங்கும் அவருடைய தோழர்களும் அந்த ஆணையை மீறி நடந்து கைதானார்கள். ஈஸ்டர் ஞாயிறன்றும் ஓர் ஊர்வலம் நடந்தது.

இதன் பிறகு நடந்ததை மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1967இல், வாக்கர் எதிர் பர்மிங்ஹாம் நகரம் என்ற வழக்கில், 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தண்டனை உறுதி செய்யப்பட்டது. தடையாணை தவறானது என்றால் அதை நீக்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும், ஒருவர் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அரசமைப்புக்கு முரணான ஒரு நகராட்சி விதியை அப்படியே எடுத்து நீதிமன்ற ஆணையாக எழுதிவிட்டால் மட்டும் அதற்குப் புனிதம் வந்துவிடுமா என்று கேட்டனர் மாறுபட்ட நால்வர். அவ்வாண்டின் இறுதியில் கிங் மீண்டும் பர்மிங்ஹாமில் சிறை சென்றார். 1969இல், ஷட்டில்ஸ்வர்த் எதிர் பர்மிங்ஹாம் நகரம் என்ற வழக்கில், அதே புனித வெள்ளி ஊர்வலத்துக்காக, அதே விதியின்கீழ் போதகர் ஷட்டில்ஸ்வர்த்துக்குத் தரப்பட்ட தண்டனையை அதே நீதிமன்றம் நீக்கியது; பேச்சுரிமைக்கு முரணாக அதிகாரிகளின் விருப்பத்துக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்ட விதி அது என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, பாட்டர் ஸ்டூவர்ட்.

இந்த இரு தீர்ப்புகளையும் வகுப்பின் முன் வையுங்கள். நகராட்சி விதியை மீறியவர் விடுவிக்கப்படுகிறார். அதே விதியைத் தாங்கிய நீதிமன்ற ஆணையை மீறியவர் சிறைக்குப் போகிறார். இது முறைதானா? ஆணையை நீக்கக் கோரிக் காத்திருந்திருந்தால் ஈஸ்டர் கடந்துபோயிருக்கும் என்பது ஒரு தரப்பு. தெற்கில் நீதிமன்ற ஆணைகளை மதிக்க மறுத்துக்கொண்டிருந்தவர்கள் பிரிவினைவாத ஆளுநர்களாக இருந்த காலத்தில், உரிமை இயக்கமும் ஆணையை மீறலாமா என்பது மறுதரப்பு. பின்னதை வலுவாக வாதிடும் மாணவர், கறுப்பினத்தவராயினும் வெள்ளையராயினும், எவருடைய மனிதத் தகுதியையும் குறைக்க வேண்டியதில்லை. சட்டத்தின் ஆட்சியை அவர் உண்மையாகவே மதிக்கிறவராக இருந்து வாதிடலாம். அந்த மாணவியே விரும்பி எடுத்துக்கொள்ளக்கூடிய தரப்பு அது.

இயக்கத்தின் உள்ளே நடந்த வாதங்கள் இவற்றைவிடக் கடுமையானவை. 1963 மே 2 அன்று பர்மிங்ஹாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் அவர்கள்மீது நாய்களும் நீர்பீய்ச்சிகளும் ஏவப்பட்டன. குழந்தைகளை முன்னிறுத்தலாமா என்ற கேள்வியை எழுப்பியவர்களில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் ஒருவர், வெள்ளைத் தாராளவாதிகள் மட்டுமல்லர். உங்கள் மாணவர்களின் வயதே ஊர்வலத்தில் சென்றவர்களுக்கும் இருந்தது என்பதால், இந்தக் கேள்வியை அவர்கள் வெறும் வாதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்வியைப் பற்றி எடுத்துக்கொண்டால், 1954இல் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று பிரௌன் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே, கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளிகள் வேண்டுமா என்ற கேள்வியைக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் ஒரு கட்டுரையில் எழுப்பியிருந்தார். பகையுணர்வுள்ள கலப்புப் பள்ளியைவிடப் பரிவுள்ள தனிப்பள்ளி மேல் என்று சொல்லும் அளவுக்கு அவர் சென்றார். தீர்ப்பு வந்த பிறகு, 1955இல், கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் அதைக் கடிந்து ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்; தன்னை விரும்பாதவரின் அருகே அமர்வதற்கு நீதிமன்ற ஆணை பெறுவதில் என்ன மனநிறைவு என்று அவர் கேட்டார். அக்கடிதத்தைப் பிரிவினைவாதிகள் மகிழ்ச்சியோடு எடுத்தாண்டார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வாதம் யார் சொன்னது, யாருக்குப் பயன்பட்டது என்ற இரண்டையும் சேர்த்து எடைபோடப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பிரிவினைவாதிகளின் எழுத்தையே காட்டக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் அதை நடிக்கச் சொல்லாமல் சோதிக்கச் சொல்ல வேண்டும். 1956 மார்ச்சில் தென் மாநிலங்களைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் ஏறத்தாழ நூறு பேர் பிரௌன் தீர்ப்பை எதிர்த்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அது வசைமொழி இல்லாத, அரசமைப்பைப் பேசும், பணிவான நடையில் எழுதப்பட்டது. 90 ஆண்டுப் பொறுமையான உழைப்பால் இரு இனத்தாரிடையே நல்லுறவு உருவாகியிருந்தது, தீர்ப்பு அதைக் கெடுக்கிறது என்கிறது அது. இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஆய்வு செய்யலாம். 14 வயதான எம்மெட் டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டது அதற்கு ஏழு மாதம் முன்பு, 1955 ஆகஸ்டில். அதே மாநிலத்தில் 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு, வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் 6.7 விழுக்காடு, சட்டம் வந்து இரண்டே ஆண்டில் அது 60 விழுக்காட்டை நெருங்கியது. பணிவான ஒரு வாக்கியம் எதையெல்லாம் மறைக்க முடியும் என்பதை மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கட்டும். பிற்காலத்தில் அவர் வாசிக்கப்போகும் அறிக்கைகளும் பெரும்பாலும் பணிவான நடையில்தான் இருக்கும்.

இனி, களைத்துப்போன ரோசா பார்க்ஸ். அந்தக் கதையைப் பொய் என்று சொல்லித் தொடங்காதீர்கள். அதற்குப் பதில் மாணவர்களிடம் ஒரு கடிதத்தைக் கொடுங்கள். 1954 மே 21, அதாவது பிரௌன் தீர்ப்பு வந்த நான்காம் நாள், அலபாமாவின் தலைநகரான மாண்ட்கோமரியின் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் அந்நகர மேயருக்கு எழுதியது அது. பெண்கள் அரசியல் மன்றத்தின் சார்பில் எழுதப்பட்ட அக்கடிதம், பேருந்துப் பயணிகளில் முக்கால் பங்கினர் கறுப்பினத்தவர் என்று நினைவூட்டி, பேருந்துகளைப் புறக்கணிப்பது பற்றிப் பல அமைப்புகள் பேசிக்கொண்டிருப்பதாக அடக்கமாக எச்சரிக்கிறது. ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1 அன்று. இடையில் 18 மாதங்கள் இருக்கின்றன. அதே ஆண்டு மார்ச்சில், 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதான அன்றிரவே ராபின்சன் புறக்கணிப்புக்கு அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டது எப்படி முடிந்தது என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால், களைப்பின் கதை தானாக விலகி, அமைப்பின் கதை முன்னால் வரும்.

அங்கிருந்து அவர்களை இன்னும் சிக்கலான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். புறக்கணிப்பின் தொடக்கத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் பிரிவினையை ஒழிப்பது இல்லை. மரியாதையான நடத்தை, பின்னாலிருந்து கறுப்பினத்தவரும் முன்னாலிருந்து வெள்ளையரும் வந்த வரிசைப்படி அமர்வது, கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் என்பவையே அவை. பிரிவினையையே எதிர்த்த வழக்கு 1956 பிப்ரவரி 1 அன்று தனியே தொடுக்கப்பட்டது. பிரௌடர் எதிர் கேய்ல் என்ற அந்த வழக்கில் கோல்வின் ஒரு வாதி. பார்க்ஸின் பெயர் இல்லை. பேருந்துகளில் பிரிவினை செல்லாது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 381 நாள் புறக்கணிப்பு டிசம்பர் 20 அன்று முடிந்தது. வென்றது நடந்த கால்களா, நீதிமன்றமா? முதலில் குறைவாகக் கேட்டது விவேகமா, அச்சமா? கோல்வினை விட்டுவிட்டு பார்க்ஸை இயக்கத்தின் முகமாகத் தேர்ந்தது நியாயமா? இவை ஒவ்வொன்றுக்கும் ஆவணங்களோடு இரு பக்கமும் வாதிட முடியும். அந்த இயக்கத்தில் இருந்தவர்களே அப்படி வாதிட்டார்கள்.

சட்டத்தில் ஆர்வமுள்ள ஓரிரு மாணவர்கள் இருந்தால், 1964 டிசம்பரில் வந்த ஹார்ட் ஆஃப் அட்லாண்டா விடுதி வழக்கைத் தரலாம். கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்த விடுதியைக் கட்டுப்படுத்த, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தையே நீதிமன்றம் அடிப்படையாகக் கொண்டது. சமப் பாதுகாப்பைத் தரும் அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தின் மீது நிறுவியிருக்கலாமே என்று நீதிபதி டக்ளஸ் தனியாக எழுதினார். ஏன் முன்னதைத் தேர்ந்தார்கள் என்பதற்கான விடை 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இருக்கிறது. அதை அவர்களே தேடிக் கண்டடையட்டும்.

தேடும் முறையைப் பற்றி ஒன்று மட்டும். ஒரு ஆவணத்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அது எதற்கு மறுமொழியாக எழுதப்பட்டதோ அதையும் சேர்த்துக் கொடுங்கள். கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள். அது எட்டு வெள்ளை மதகுருமார்கள், யூத ரபி ஒருவர் உட்பட, ஏப்ரல் 12 அன்று வெளியிட்ட அறிக்கைக்குத் தரப்பட்ட பதில். அவர்கள் வெறியர்கள் அல்லர். அவ்வாண்டு ஜனவரியில் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டவர்கள். போராட்டம் காலமறியாதது, விவேகமற்றது என்பதே அவர்கள் குறை. அதை முதலில் வாசித்த மாணவருக்குத்தான், மிதவாதியான வெள்ளையர்மீது கிங் ஏன் அவ்வளவு வருந்துகிறார் என்பது விளங்கும்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சின் வேகத்துக்கும் மேற்கோள்களின் எண்ணிக்கைக்கும் நான் எதுவும் தர மாட்டேன். ஒவ்வொரு மாணவரும் வாதத்தோடு சேர்த்து ஒரு பக்கம் எழுதித் தரட்டும். தன் முடிவுக்கு மிகவும் இடைஞ்சலாக இருந்த ஆவணம் எது, அது யாரால், யாருக்கு, எந்த நாளில் எழுதப்பட்டது, அதைப் படித்த பிறகு தன் வாதத்தில் எதை மாற்றினார், எதை மாற்ற மறுத்தார், ஏன் என்பதை அதில் சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண்ணை அந்தப் பக்கத்துக்கு வைத்துவிடுங்கள். விவாதத்தில் எந்தத் தரப்பு என்பதை, ஆவணங்களை வாசித்து முடித்த பின் மாணவர்களே தேர்ந்துகொள்ளட்டும். ஒரு பக்கத்தில் ஆள் குறைந்தால், அந்தப் பக்கத்துக்காக நீங்கள் பேசுங்கள்.