"தூண்டிவிட்டுப் பிடித்தார்கள்" என்று சொல்லித் தப்ப முடியுமா? ட்ராப் வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். லஞ்ச வழக்குகளில் பெரும்பாலும் பிடிபட்டவர் பக்கம் வாதாடியிருக்கிறேன், புகார் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பயமும் தெரியும். லஞ்சம் கேட்பவரிடம் புகார்தாரர் மூலம் பணம் கொடுக்க வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்கும் பொறியைத்தான் ட்ராப் என்கிறோம். கேளுங்கள்.

கேள்வி: மேடம், போலீஸே தூண்டிவிட்டுக் குற்றம் செய்ய வைத்தால் அமெரிக்காவில் விடுதலை ஆகிவிடலாம் என்கிறார்கள். நம்ம சட்டத்தில் அப்படி உண்டா?

அமெரிக்காவில் உண்டு. 1932-ல் சோரல்ஸ் என்பவர் வழக்கு. மதுவிலக்குக் காலம். வட கரோலினாவில் ஒரு மதுவிலக்கு அதிகாரி சுற்றுலாப் பயணி போல வந்து, நானும் முதல் உலகப் போரில் நீ இருந்த படைப்பிரிவுதான் என்று பழைய கதை பேசி, திரும்பத் திரும்பக் கெஞ்சி அரை காலன் விஸ்கி வாங்கித் தரவைத்தார், உடனே கைதும் செய்தார். குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவன் மனதில் அரசாங்கமே அதை விதைத்துவிட்டுத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆளுக்கு ஏற்கெனவே அந்த எண்ணம் இருந்ததா என்பதுதான் அங்கே இன்றைக்கும் முக்கியக் கேள்வி.

நம்மிடம் "போலீஸ் தூண்டிவிட்டது" என்று தனியாக ஒரு தற்காப்பு கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பொது விதிவிலக்குகளிலும் இல்லை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆனால் நீதிமன்றங்கள் இதைப் பற்றிப் பேசாமலும் இல்லை. விந்தியப் பிரதேச அமைச்சர் ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்க விவகாரத்தில் 25,000 ரூபாய் வாங்கிப் பிடிபட்டார். கொடுத்தவரிடம் அவ்வளவு பணம் இல்லை, போலீஸ் தரப்பே ஏற்பாடு செய்தது. அது தவறு என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, ஆனால் தண்டனையை உறுதி செய்தது. ராம்ஜனம் சிங் வழக்கில் (1956) நீதிபதி விவியன் போஸ் இன்னும் அழுத்தமாக எழுதினார்: குற்றம் செய்தே தீருவேன் என்று இருப்பவனுக்குப் பொறி வைப்பது ஒன்று, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவனை உசுப்பிவிட்டுச் செய்ய வைப்பது வேறொன்று. எப்படிப்பட்ட மனிதனையும் அவன் தாங்கும் சக்திக்கு மேல் ஆசை காட்டி இழுக்கச் சட்டத்தின் காவலர்களுக்கு உரிமை இல்லை என்றார். இவ்வளவு வருடம் கழித்தும் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டும்போது கோர்ட்டில் ஒரு அமைதி வரும், நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பட்டா மாறுதலுக்கு வி.ஏ.ஓ. 5,000 கேட்கிறார். லஞ்ச ஒழிப்பில் சொன்னால், கொடுத்த குற்றத்துக்கு நானும் மாட்டுவேனா அக்கா?

மாட்டமாட்டீர்கள், ஆனால் வரிசை முக்கியம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஊழல் தடுப்புச் சட்டம் 8-வது பிரிவில் 7 வருடம் வரை தண்டனை. முதலில் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகப் பணம் கொடுத்தால் அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் 7 நாளைக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். அவர் எந்தத் தேதியில், எங்கே வைத்து, என்ன வார்த்தையில் கேட்டார் என்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அந்தத் தாள்தான் துணை.

கேள்வி: ட்ராப்பில் லஞ்ச நோட்டில் பவுடர் தடவுவது, வாங்கியவர் கை கழுவிய தண்ணீர் ரோஸ் ஆவது எல்லாம் எப்படி?

பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடி. நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பட்டால் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். ட்ராப்புக்கு முன்னால் வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நோட்டு எண்களை ஒவ்வொன்றாக மகஜரில், அதாவது நடந்ததைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவில், எழுதுவார்கள். ஒரு காவலர் பொடியைத் தடவிவிட்டுத் தன் விரலைக் கரைசலில் விட்டுக் காட்டுவார், தண்ணீர் நிறம் மாறும். அப்புறம் அவர் சம்பவ இடத்துக்கே வரக் கூடாது, அவர் கைப்பொடி வேறெங்கும் பட்டால் வழக்கே கெட்டுவிடும். பிடித்தபின் இரண்டு கையையும் தனித்தனியாகக் கழுவ வைத்து, சட்டைப் பையை வெளியே இழுத்து அதையும் நனைத்து, பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்துச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். விசாரணைக்கு வருவதற்குள் பல பாட்டில்களில் நிறம் வெளிறிப் போயிருக்கும். தடய அறிவியல் அறிக்கை இருப்பதால் அது பெரிய குறை இல்லை.

இதில் எல்லோரும் பாட்டிலையே பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது மகஜரில் உள்ள ஒரே ஒரு வரியை: "அவர் கேட்டால் மட்டும் பணத்தைக் கொடுக்க வேண்டும்" என்று புகார்தாரருக்குச் சொன்ன அறிவுரை. பொறிக்கும் தூண்டுதலுக்கும் நடுவில் நம் நடைமுறையில் இருக்கும் சுவர் அந்த வரிதான். குறுக்கு விசாரணையில் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான்.

கேள்வி: நான் தாலுகா ஆபீஸ் ஊழியர். யாரோ என் டிராயரில் பணத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டால்? கை ரோஸ் ஆனாலே முடிந்ததா?

முடிந்துவிடாது. வெறுமனே பணத்தைக் கைப்பற்றினால் போதாது, கேட்டதையும் விரும்பி வாங்கியதையும் நிரூபிக்க வேண்டும் என்று 2014-ல் பி.ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் புகார்தாரரே பிறழ் சாட்சி ஆனார், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலை ஆனார். தெரியாத பணம் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அதே நிமிடம் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். பிடிபட்ட அந்த நிமிடத்திலேயே சொன்ன விளக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, மூன்று வருடம் கழித்துச் சொல்லும் விளக்கத்துக்கு இருக்காது.

கேள்வி: அப்படியென்றால் நான் வாயைத் திறந்து கேட்காமல் இருந்தால் போதும், அவராகக் கொடுத்ததை வாங்கினால் தப்பில்லை, அப்படித்தானே?

இல்லை, இந்தத் தவறான நம்பிக்கையால் நிறையப் பேர் வேலையை இழந்திருக்கிறார்கள். நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைப் பிரித்துக் காட்டியது. அவராக நீட்டினார், நீங்கள் என்னவென்று தெரிந்தே வாங்கிக்கொண்டீர்கள் என்றால் அதுவும் ஊழல் தடுப்புச் சட்டம் 7-வது பிரிவில் குற்றம், முன்னால் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7. செய்து கொடுத்த வேலை நியாயமானதாக இருந்தாலும் விலக்கு இல்லை.

என் கருத்தைக் கேட்டால், இந்த இடத்தில் சட்டம் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேட்காத ஆளிடம் போலீஸ் அனுப்பிய ஒருவர் போய் நாலு தடவை வற்புறுத்தி நீட்டினால், அது விவியன் போஸ் எச்சரித்த நிலைமையேதான். அப்போது அந்த 1956 தீர்ப்பை வைத்துத்தான் போராட வேண்டும், சில நேரம் தண்டனை குறையும், சில நேரம் சாட்சியின் நம்பகத்தன்மை உடையும். உறுதியான வாக்குறுதி எதுவும் என்னால் தர முடியாது.

கேள்வி: ஒரு ட்ராப்புக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சாதாரண இளநிலை உதவியாளர். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் தம்பி. புகார்தாரரோடு உள்ளே போகச் சொன்னால், பேச்சுக் காதில் விழும் தூரத்தில் நில்லுங்கள். "நான் வாசலில் நின்றேன், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை" என்று சாட்சி சொல்லும் வழக்குகள்தான் இரண்டு பக்கமும் அநியாயத்தில் முடிகின்றன. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து ரகசிய கேமரா வைத்து ஒரு அதிகாரிக்குப் பணம் கொடுத்து வீடியோ போடலாம் என்று இருக்கிறோம்.

செய்யாதீர்கள். 2003-ல் மத்திய அமைச்சர் ஒருவர் பணம் வாங்குவதுபோல ரகசிய வீடியோ வந்தது. அதை எடுத்தவர்கள் மேலும் வழக்கு வந்தது. பொதுநலனுக்காகச் செய்தோம் என்றார்கள். 2014-ல் ரஜத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படிச் சொன்ன மாத்திரத்தில் குற்றம் அழிந்துவிடாது, உண்மையான நோக்கம் என்ன என்பதை விசாரணையில்தான் பார்க்க வேண்டும் என்றது. ட்ராப்பில் அதிகாரி ஏற்கெனவே கேட்டிருக்கிறார். நீங்கள் சொல்லும் வேலையில் ஆசை காட்டுவதே நீங்கள்தான். 2007-ல் டெல்லியில் ஒரு ஆசிரியை மேல் போலியாக ஜோடித்த வீடியோ ஒளிபரப்பாகி, கூட்டம் அவரை அடித்து, வேலையும் போய், அப்புறம்தான் எல்லாம் பொய் என்று தெரிந்தது. கேமராவை நம்பி ஒருவரின் வாழ்க்கையோடு விளையாடக் கூடாது.

கேள்வி: கஞ்சா வழக்கிலும் இதே கதைதானா? போலீஸ் ஆளே வந்து கேட்டதாகத் தம்பி சொல்கிறான்.

மாறுவேடத்தில் வாங்கிப் பிடிப்பது மட்டும் வழக்கை உடைக்காது. ஆனால் எவ்வளவு கேட்டார்கள் என்று தம்பியிடம் கேளுங்கள். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 வருடம், ஜாமீனும் மிகக் கடினம். வந்தவரே அளவைக் கூட்டிக் கேட்டிருந்தால் வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். செல்போன் பேச்சு, குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: நான் கொடுத்த புகாரில் ஒருவர் பிடிபட்டார். போன வாரம் அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்கு வந்து அழுதார். சாட்சியை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. எதிரியின் வக்கீலாக அந்த மனைவிமார்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் மாற்றிச் சொல்லாதீர்கள். பொய்ச் சாட்சிக்காக உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம். நீங்கள் பிறழ் சாட்சி ஆனாலும் மற்றச் சாட்சிகளையும் சூழ்நிலைகளையும் வைத்துக் கேட்டதை நிரூபிக்கலாம் என்று அதே நீரஜ் தத்தா தீர்ப்பு சொல்கிறது, அதனால் அவர் தப்புவார் என்பதும் நிச்சயமில்லை. சம்மன் தேதியில் போய் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் எவ்வளவு கேட்டார் என்பது சரியாக ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள். கொடுக்கும் முன் அவர் கேட்டாரா, நீங்களாக நீட்டினீர்களா என்று அவருடைய வக்கீல் கேட்பார், அதற்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்லுங்கள், அது அவருக்குச் சாதகமாக இருந்தாலும் சரி. அந்த அம்மா மறுபடி வந்தால் கதவைச் சாத்த வேண்டாம், வழக்கைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.