பழைய வேக்போர்டு போட்: மீட்டரை விடுங்க, பில்லை கேளுங்க

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க டாலஸ் பக்கத்துல ஃபிரிஸ்கோல இருக்கோம். பொண்ணுக்கு 13, பையனுக்கு 9. போன சம்மர்ல ஃப்ரெண்டோட போட்ல லூயிஸ்வில் லேக்குக்கு போயிட்டு வந்ததுல இருந்து ரெண்டும் வேக்போர்டு வேக்போர்டுன்னு (போட் இழுக்க, பலகை மேல நின்னு தண்ணியில சறுக்குறது) உயிரை எடுக்குதுங்க. புது போட் விலை கேட்டா தலை சுத்துது. இப்ப 2011 மாடல், 21 அடி, வி டிரைவ் இன்போர்டு (இன்ஜின் போட்டுக்குள்ளயே பின்பக்கம் இருக்கிற டைப்) ஒண்ணு 34,000 டாலருக்கு வந்திருக்கு. இன்ஜின் இதுவரைக்கும் ஓடினது மீட்டர்ல 310 மணி நேரம்தான் காட்டுது, சீட்டெல்லாம் பளபளன்னு இருக்கு. பார்க்கிறவங்க எல்லாம் "310 தானா, விட்டுடாதே"ங்கிறாங்க. போட்டை இழுக்க எங்ககிட்ட இருக்கிறது ஹோண்டா பைலட் எஸ்.யு.வி. என்ன பண்ணலாம்?

பதில்: அந்த 310-ஐ கேட்டதும் சந்தோஷம் வரும், எனக்கும் ஒரு காலத்துல வந்துச்சு. கணக்கு போட்டு பாருங்க, வருஷத்துக்கு இருபது இருபத்தஞ்சு மணி நேரம்தான் ஓடியிருக்கு, மீதி நேரம் எல்லாம் எங்கயோ ஷெட்ல சும்மா கிடந்திருக்கு. போட்டுக்கு ஓடுறதை விட சும்மா கிடக்கிறதுதான் கெடுதல். பெட்ரோல் டேங்க்லயே கெட்டுப்போகும், ரப்பர் எல்லாம் காய்ஞ்சு வெடிக்கும், சீட்டுக்கு அடியில பூஞ்சை பிடிக்கும். இந்த போட்டுல பெரும்பாலும் இருக்கிறது ஜி.எம். கம்பெனியோட 5.7 லிட்டர் வி8 மாதிரி இன்ஜின்தான், அதையே இண்ட்மார், பி.சி.எம். மாதிரி கம்பெனிங்க போட்டுக்கு மாத்தி குடுக்கிறாங்க, ஒழுங்கா ஆயில் மாத்தி ஓட்டினா 1,000 மணி நேரம் தாண்டியும் ஒண்ணும் ஆகாது. 800 மணி நேரம் ஓடி எல்லா வருஷத்துக்கும் பில் இருக்கிற போட்டையும், 310 ஓடி ஒரு பில்லும் இல்லாத போட்டையும் பக்கத்துல நிறுத்தினா நான் 800-ஐத்தான் எடுப்பேன்.

நான் முதல்ல வாங்கினது 190 மணி நேர போட். முதல் நாளே ஃபேமிலியோட போனோம், கூலர்ல தயிர் சாதம், லெமன் சாதம் எல்லாம் கட்டிக்கிட்டு. இருபது நிமிஷத்துல டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நடு ஏரியில உட்கார்ந்திருந்தோம், யாரோ ஒரு புண்ணியவான் கயிறு போட்டு கரைக்கு இழுத்துட்டு வந்தார். இம்பெல்லர்னு ஒண்ணு, உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம், அதுதான் ஏரித் தண்ணியை உறிஞ்சி இன்ஜினுக்கு அனுப்பும். கழட்டி பார்த்தா அதுல பாதி இறக்கையைக் காணோம். வருஷா வருஷம் மாத்த வேண்டிய சாமான், பல வருஷமா யாரும் தொடலை. உடைஞ்ச துண்டு எல்லாம் இன்ஜினோட கூலருக்குள்ள போய் அடைச்சுக்கிச்சு, அதை ஒவ்வொண்ணா தேடி எடுக்கிறதுக்குள்ள மெக்கானிக் கூலி இம்பெல்லர் விலையை மாதிரி பத்து மடங்கு ஆயிடுச்சு. அதனால கேக்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மணி நேரம்" இல்ல, "கடைசியா இம்பெல்லர் எப்ப மாத்தினீங்க, பில் காட்டுங்க".

ரெண்டாவது கேள்வி டெக்சஸ்காரங்களுக்குன்னே உள்ளது: 2021 பிப்ரவரியில இந்த போட் எங்க இருந்துச்சு?

அந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், டாலஸ்ல ஃபாரன்ஹீட்ல மைனஸ் 2 வரைக்கும் போச்சு, கரண்டும் இல்ல. மிச்சிகன், மினசோட்டா பக்கம் எல்லாம் குளிர் வர்றதுக்கு முன்னாடியே இன்ஜின்ல இருக்கிற தண்ணியை இறக்கிட்டுத்தான் போட்டை மூடுவாங்க. இங்க பலரும் இன்ஜின் பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஹீட்டரை போட்டுட்டு விட்டுடுவாங்க. கரண்டு போனா ஹீட்டர் எங்க வேலை செய்யும்? பிளாக்குக்குள்ள நின்ன தண்ணி உறைஞ்சு விரிஞ்சா வார்ப்பு இரும்பா இருந்தாலும் விரிசல் விடும். அப்படி விரிசல் விட்டதை எபாக்ஸி பூசி, மேல பெயிண்ட் அடிச்சு விக்கிறவங்களும் உண்டு. டார்ச் அடிச்சு பிளாக்கோட ரெண்டு பக்கத்தையும் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா இருந்தா ஏன்னு கேளுங்க. ஆயில் குச்சியை உருவி பாருங்க, ஆயில் தேன் கலர்லயோ கறுப்பாவோ இருக்கலாம், பால் ஊத்தின காபி மாதிரி இருந்தா உள்ள தண்ணி கலந்திருக்கு, பேச்சே வேண்டாம், கிளம்பி வந்துடுங்க.

போறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் முதல் வேலை மூடியைத் திறந்து இன்ஜின் மேல கையை வைக்கிறது. ஒரு தடவை ஃப்ரெண்டுக்காக ஒரு போட் பார்க்க போனப்ப தொட்டா சுடுது, வெயில்ல நின்னதுங்கிறார், போட் நின்னது நிழல்ல. கோல்ட் ஸ்டார்ட்ல திணறுற இன்ஜின் சூடா இருக்கும்போது சமத்தா ஓடும், அதை மறைக்கத்தான் முன்னாடியே ஓட்டி வச்சிருந்தார்.

அப்புறம் வீட்டு வாசல்ல ஹோஸ் பைப் மாட்டி ஓட்டி காட்டினா நம்பாதீங்க, அது பாதிதான். ஏரியில இறக்கி ஓட்டி பாக்காம ஒரு டாலர் கூட குடுக்காதீங்க. வேக்போர்டுக்கு ஓட்டுற 20, 22 மைல் ஸ்பீடுல கொஞ்ச நேரம் ஓட்டுங்க, ஸ்டீயரிங்லயும் காலுக்கு அடியிலயும் அதிர்வு வந்தா ப்ரொப்பல்லரோ ஷாஃப்டோ எங்கயோ தட்டியிருக்கு. பேலஸ்ட் டேங்க் (அலை பெருசா வர போட்டுக்கு எடை ஏத்துற தண்ணி டேங்க்) எல்லாத்தையும் முழுசா ரொப்பச் சொல்லி, முழுசா காலி பண்ணவும் சொல்லுங்க, ஒவ்வொரு பம்பா. "அதெல்லாம் வேலை செய்யும்"னு வாயால சொன்னா போதாது. கரைக்கு வந்ததும் தரைப் பலகையைத் தூக்கி கீழ எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பாருங்க, ஷாஃப்ட் வர்ற இடத்துல சில போட்டுல சொட்டு சொட்டா வர்றது வழக்கம்தான், ஓடினா சரியில்லை. டவரோட (இழுக்குற கயிறு கட்டுற மேல் சட்டம்) காலு போல்ட் பண்ணியிருக்கிற இடத்துல சிலந்தி வலை மாதிரி கீறல் இருக்கான்னும் பாருங்க.

இதெல்லாம் தேறினா ஒரு மரைன் மெக்கானிக்கை உங்க செலவுல கூட்டிட்டு போய் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (உள்ள அழுத்தம் சரியா நிக்குதான்னு பார்க்கிறது) பண்ண வைங்க. சில நூறு டாலர் ஆகும். 34,000 போடுறவங்க இதுல மிச்சம் பிடிக்கக்கூடாது. மெக்கானிக்கை விக்கிறவர் சொல்ற ஆளா வச்சுக்காதீங்க.

பைலட் விஷயம்தான் உங்களுக்குப் பிடிக்காது. பைலட் ஆல் வீல் டிரைவா இருந்தா 5,000 பவுண்டு இழுக்கும், இல்லன்னா 3,500 தான். இந்த சைஸ் போட் காலியாவே 3,500ல இருந்து 4,000 பவுண்டுக்குள்ள வரும், டிரெய்லர் ஆயிரத்துக்கு மேல, பெட்ரோல் ரொப்பினா இருநூறு, அப்புறம் போர்டு, லைஃப் ஜாக்கெட், நம்ம கூலர். கூட்டிப் பாருங்க, 5,000 தாண்டிடும். லெவலான ரோட்ல இழுத்துடும், போட் இறக்குற வழுக்கலான சரிவு, அந்த ராம்ப்ல இருந்து மேல ஏத்துறப்பதான் தெரியும். அதனால 34,000ங்கிறது போட்டோட விலை மட்டும்தான், எஃப் 150 மாதிரி ஒரு டிரக்கோ டாஹோ மாதிரி பெரிய வண்டியோ இல்லாம இதை வாங்காதீங்க. உங்க ஏரியா எச்.ஓ.ஏ. (வீட்டுக்காரங்க சங்கம்) டிரைவ்வேல போட் நிறுத்த விடுமான்னும் இன்னைக்கே படிச்சு பாருங்க, விடலைன்னா மாசா மாசம் ஸ்டோரேஜ் வாடகை. என்னைக் கேட்டா 26,000, 27,000க்குள்ள போட் பார்த்துட்டு மீதியை இதுக்கெல்லாம் வைங்க.

கேள்வி: பேப்பர் வேலை என்னென்ன? டாக்ஸ் உண்டா?

பதில்: உண்டு, 6.25 சதவீதம். 34,000க்கு 2,125 டாலர், அதையும் கணக்குல வைங்க. போட் டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) ரெஜிஸ்ட்ரேஷனும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப்ல. டிரெய்லர் தனி, மொத்த எடை 4,000 பவுண்டுக்கு மேல போறதால அதுக்கும் தனி டைட்டில் வேணும், அது கவுண்டி டாக்ஸ் ஆஃபீஸ்ல. போட்டோட பின்பக்கம் வலது மூலையில 12 எழுத்து எண் ஒண்ணு பொறிச்சிருக்கும், கடைசி ரெண்டு எண்தான் மாடல் வருஷம், டைட்டில்ல இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. லோன் பாக்கி இருக்கான்னு பார்க்காம பணம் குடுக்காதீங்க.

டிரெய்லர் டயரையும் பார்த்துடுங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2318ன்னா 2018ஓட 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினா மாத்திடுங்க.

கேள்வி: இதே பணத்துக்கு ஸ்டெர்ன்டிரைவ் போட் பெருசாவே கிடைக்குது. அதை வாங்கினா என்ன?

பதில்: டியூப் கட்டி இழுக்க, சும்மா சுத்த அது தாராளமா போதும். ஆனா பசங்க இன்னைக்கு வேக்போர்டு கேப்பாங்க, அடுத்த வருஷம் வேக்சர்ஃப் கேப்பாங்க. சர்ஃப் பண்றது போட்டுக்கு ரொம்ப பக்கத்துல, அலை மேலயே. ஸ்டெர்ன்டிரைவ்ல ப்ரொப்பல்லர் பின்னாடி துருத்திக்கிட்டு இருக்கும், இன்போர்டுல அடியில உள்ள தள்ளி இருக்கும். பழைய மாடல் ஸ்டெர்ன்டிரைவ் பின்னாடி சர்ஃப் பண்ணவே கூடாது, நம்ம பசங்களை வச்சு சோதனை வேண்டாம்.

எந்த போட்டா இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது பின்னாடி பலகையில பிள்ளைங்களை உட்கார விடாதீங்க. எக்ஸாஸ்ட் அங்கதான் வருது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மயங்கி தண்ணிக்குள்ள சரிஞ்சா கூட சத்தம் வராது. 13 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க போட் போயிட்டு இருக்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், அது சட்டம். உங்க பொண்ணுக்கு 13 முடிஞ்சிருச்சுன்னு கழட்ட விடாதீங்க.

கேள்வி: மூணு ஃபேமிலி சேர்ந்து வாங்கினா செலவு குறையுமே?

பதில்: செலவு குறையும், நட்பும் குறையும். மெமோரியல் டே, ஜூலை நாலு, லேபர் டே, மூணு லாங் வீக்கெண்ட்லயும் மூணு பேருக்கும் அதே நாள்தான் வேணும். ஒருத்தர் பேர்ல வாங்கி மத்தவங்க பெட்ரோலுக்கு ஷேர் குடுக்கிறது நல்லது. அதுல தப்பில்லை, ஆனா தலைக்கு இவ்வளவுன்னு கட்டணம் வாங்கினா அது வேற கதை. ஓட்டப் போற எல்லார் பேரையும் இன்சூரன்ஸ்ல சேர்த்துடுங்க. 1993 செப்டம்பர் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க யாராவது ஓட்டுறதா இருந்தா போட்டர் கோர்ஸ் முடிச்சிருக்கணும்.

கேள்வி: வாங்கியாச்சு அண்ணா! சனிக்கிழமை முதல் தடவை இறக்குறோம். ஏதாவது சொல்லுங்க.

பதில்: வாழ்த்துக்கள். காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க, பத்து மணிக்கு ராம்ப்ல நிக்கிற கூட்டத்துக்கு முன்னாடி டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தா கை நடுங்கும். அதுக்கு முன்னாடி ஏதாவது காலி பார்க்கிங் லாட்ல ஒரு மணி நேரம் பழகுங்க, ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கோங்க, கை எந்தப் பக்கம் போகுதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். திரும்பும்போது பேலஸ்ட், பில்ஜ் (தரைப் பலகைக்குக் கீழ) தண்ணி எல்லாத்தையும் சுத்தமா இறக்கிடுங்க. ஸீப்ரா மஸல்னு ஒரு சிப்பி டெக்சஸ்ல முதல்ல 2009ல டெக்சோமா லேக்ல கண்டுபிடிச்சாங்க, அது இந்த தண்ணியிலதான் ஏரி விட்டு ஏரி போகுது, இறக்காம ரோட்ல போனா சட்டப்படி தப்பு.

தண்ணி இறக்க அடியில ஒரு பித்தளை திருகு கழட்டுவீங்க பாருங்க, ட்ரெயின் ப்ளக், அதைத் திரும்ப மாட்ட மறந்துட்டு போட்டை இறக்கினவங்க எத்தனையோ பேர். இறக்கி அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் பின்பக்கம் தாழுறதே தெரியும். கழட்டினதும் அதை போட் சாவியோட சேர்த்து கட்டிடுங்க, சாவியை எடுக்கும்போது கையில அதுவும் வரும்.