விவாகரத்தான அக்காவிடம் கல்லூரி கேட்கும் விளக்கம்

கல்லூரியில் வேலை பார்க்கும் உங்கள் அக்காவைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு, ஒரு மொட்டைக் கடிதம், இப்போது நிர்வாகம் விளக்கம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா அந்த விளக்கக் கடிதத்தை எழுத வேண்டாம். “எந்தப் பணி விதியை மீறினேன்?” என்று மட்டும் எழுத்தில் திருப்பிக் கேட்கட்டும். விவாகரத்தும், யார் காரில் வந்து இறங்கினார் என்பதும் நிர்வாகத்தின் கணக்கில் வராது.

கல்லூரி முதல்வர் பதவி காலியாகும் நேரத்தில்தான் பேச்சு கிளம்பியது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். மறுமணம் செய்த ஆண் துறைத்தலைவரிடம் எப்போதாவது இப்படி விளக்கம் கேட்டார்களா, பாருங்கள். (கேட்டிருக்க மாட்டார்கள்.)

வாட்ஸ்அப்பில் வந்தது பாலியல் சாயலுள்ள பேச்சு என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி கல்லூரியிலேயே உள்ள உள்ளகப் புகார் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். எண், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே குரூப்பை விட்டு வெளியேறட்டும்.

புகார் மேனேஜர் (கல்லூரி நிர்வாகத்தின் தலைவர்) மேலேயே என்றால், அதே சட்டப்படி மாவட்டத்தில் உள்ள உள்ளூர் குழுவுக்குக் கொடுக்கணும். வீடு மார்த்தாண்டம் ஆனாலும் கல்லூரி கேரளத்தின் பாறசாலையில். ஆகவே திருவனந்தபுரம் மாவட்டம்.

மொட்டைக் கடிதத்துக்கு இந்த வழி சரிவராது. எழுதியது யாரென்று தெரியாமல் குழு யாரை விசாரிக்கும்?